தேங்க்ஃபுல் விக்கரியின் இரண்டு பிறந்தநாட்கள்

அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில், ஜோனாதன் விக்கரி என்பவருக்கும் அவர் மனைவி மெர்சிக்கும் 1694ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் நாள் தேங்க்ஃபுல் என்னும் மகள் பிறந்தாள். அதே தந்தைக்கும் அதே தாய்க்கும் 1696ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பதினோராம் நாள் தேங்க்ஃபுல் என்னும் மகள் மறுபடியும் பிறந்தாள். அவ்வூர்ப் பிறப்புப் பதிவேட்டில் இவ்விரு வரிகளும் அடுத்தடுத்த பக்கங்களில் உள்ளன. இவற்றை முன்னிட்டு எனக்கும் பிலோமிக்கும் இடையே நேர்ந்ததை உள்ளது உள்ளபடி எழுத முற்படுகிறேன்.

நாங்கள் வேலை செய்யும் அலுவலகம் கேரளத்து வண்டிப்பெரியாற்றில், ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. தம் முன்னோர் யார், எந்தக் கப்பலில் வந்து இறங்கினர், எங்கே நிலம் பெற்றனர் என்று தேடுவதில் அமெரிக்கர்கள் மிகுந்த நாட்டம் உடையவர்கள். அவர்களுக்காக அந்நாட்டு ஊர்களின் பழைய பதிவேடுகள் படம் எடுக்கப்பட்டு இணையம் வழியாக எங்களுக்கு வருகின்றன. திரையின் இடப்புறம் பதிவேட்டின் பக்கம் தோன்றும். வலப்புறக் கட்டங்களில் பெயர், தந்தை பெயர், தாய் பெயர், நாள் ஆகியவற்றை நாங்கள் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே செய்வோம். இருவர் செய்ததும் ஒத்திருந்தால் பதிவு ஏற்கப்படும். வேறுபட்டால் அவ்வரி மஞ்சள் நிறம் பெற்றுச் சரிபார்ப்பவரிடம் செல்லும். அவர் மூலப் பக்கத்தைப் பார்த்து, எவர் செய்தது சரி என்று தீர்ப்பார். தீர்த்தவரின் பெயர் அப்பதிவின் அடியில் நிலையாக நிற்கும்.

சரிபார்ப்பவராக இருந்த ஜின்சன் சார் கோட்டயத்துக்கு மாற்றலாகிப் போகவிருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருக்கும் அந்த நாற்காலியில் எங்களுள் ஒருவரையே அமர்த்துவதாக அவர் அறிவித்தார். விக்கரி குடும்பம் வாழ்ந்த அவ்வூரின் பதிவேடு எனக்கும் பிலோமிக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அது முடியும் நாளில் எவருக்குப் பிழை குறைவோ அவருக்கே இடம் என்றார்.

அந்த இடத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்லாமல் மேலே செல்லுதல் முறையன்று. என் தந்தை பெரியமுத்து முப்பத்தெட்டு ஆண்டுகள் தேயிலைக் கொழுந்து சுமந்தார். எஸ்டேட்டின் வருகைப் பதிவேடான செக் ரோலில் அவருக்கு ஓர் எண் இருந்தது. பெயரும் இருந்தது, அதுவும் பாதிப் பெயர். நானோ மூன்றாம் வகுப்போடு நின்று, கொழுந்து பறித்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்து, நாற்பத்தொன்றாம் வயதில் எழுத்தறிவு இயக்கமான சாட்சரதா மிஷன் நடத்தும் சமநிலைத் தேர்வெழுதிப் பத்தாம் வகுப்பில் தேறியவள். நாற்பத்து நான்காம் வயதில் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறினேன். இரண்டிலும் எங்கள் மையத்தில் நானே முதலிடம். முன்னூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வம்சாவளியின் கீழே, 'சரிபார்த்தவர்: முருகேஸ்வரி' என்று நிற்பதை நான் பலமுறை மனக்கண்ணால் படித்திருந்தேன்.

பிலோமியும் அதே மையத்தில் என்னோடு படித்தவள். என்னைவிட நான்கு வயது இளையவள். கணக்கில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினாள். அவளை இந்த அலுவலகத்துக்கு அழைத்து வந்ததும் நான்தான். ஆனால் வந்த மூன்றாம் மாதமே அலுவலகம் முழுவதும் அவளுடையதாகிவிட்டது. பேக்கரிக்காரர் அவளுக்கு மட்டும் பழம்பொரியைச் சூடாகக் கொடுத்து அனுப்புவார். ஜின்சன் சார், எழுத்து அழிந்த பக்கம் வந்தால் என்னைத் தாண்டிச் சென்று அவளிடம் காட்டுவார்.

அதற்குக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த பழைய எழுத்து வடிவங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்திருந்தேன். அவள் அதை ஏறிட்டும் பார்த்ததில்லை. ஒருநாள் அவள் திரையைச் சுட்டி, "இந்த எழுதுற ஆளுக்கு உடம்பு சரியில்லக்கா. பாருங்க, கோடு நடுங்குது. இன்னும் ரெண்டு மூணு பக்கத்துல ஆள மாத்திருவாங்க" என்றாள். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து மாறியது. ஐந்தாம் பக்கத்தில் அவ்வெழுத்தரின் இறப்பே பதியப்பட்டிருந்தது.

"எப்படிட்டி கண்டுபுடிச்ச?" என்று கேட்டேன்.

"எங்க அய்யாவுக்குக் கடைசியில கையெழுத்து இப்படித்தான் போச்சு" என்றாள், ஏதோ மழை வரும் என்று சொல்வதைப் போல.

நெறிப்படி கற்றவளுக்குத் தெரியாதது நெறி அறியாதவளுக்கு எளிதாக வாய்த்தால், கற்றவளின் நெஞ்சில் என்ன எரியும் என்பதைப் பாடநூல்கள் கூறுவதில்லை. நான் அன்று மாலை ஜீப்பில் வீடு திரும்பும்போது, அவள் ஒரு தோளில் சாய்ந்து உறங்குவதைப் பார்த்தேன். என் தோள்தான். விலக்கிக்கொள்ளவும் மனமில்லை, பொறுத்துக்கொள்ளவும் இயலவில்லை.

அந்த அமெரிக்கர்கள்மீதும் எனக்குப் பொறாமை உண்டு. அவ்வூரில் ஒவ்வொருவருடைய பன்றியின் காதிலும் எந்தப் பக்கம் எவ்வாறு அடையாள வெட்டு விழுந்தது என்பதுகூட ஏட்டில் ஏறியிருக்கிறது. ஒரு பன்றியின் காதுக்குக் கிடைத்த வரி என் பாட்டனுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அது தொலைவிலிருந்த பொறாமை. பிலோமியோ பக்கத்து மேசையில் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் நாங்கள் இருவரும் பின்கட்டில் உணவுண்டோம். பக்கங்களைப் பற்றித் தட்டச்சு செய்பவர்கள் தம்முள் பேசக் கூடாது என்பது அலுவலக விதி. அவ்விதியை அன்று முதலில் மீறியவள் பிலோமி.

"அக்கா, அந்த விக்கரி வீட்டுல தேங்க்ஃபுல்லு ரெண்டு தடவ வருதே, பாத்தீங்களா?"

"பாத்தேன். மறுபதிவு. ஒன்னத் தள்ளிட்டேன்."

"தள்ளிட்டீங்களா? நான் ரெண்டு பிள்ளைன்னுல்லா போட்டேன்."

"அப்பன் அதே ஆளு, ஆத்தா அதே ஆளு, பேரும் அதே பேரு. பின்ன எப்படிட்டி ரெண்டாகும்?"

அவள் கப்பைக் கிழங்கைப் பிட்டுக் கருவாட்டுக் குழம்பில் தோய்த்தாள். "மொதப் பிள்ள தவறிருக்கும்க்கா. அந்தப் பேர அடுத்ததுக்கு வச்சுருப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "செத்த பிள்ள பேர யாராவது வைப்பாங்களா? எங்க பக்கம் ரெண்டு பிள்ள தங்காமப் போச்சுன்னா மூணாவதுக்குப் பிச்சைமணின்னு வைப்பாங்க. இது பிச்சை எடுத்த பிள்ள, நமக்கு ஆகாதுன்னு எமன் போயிரணும். அதே பேர வச்சா, வந்து இதையும் தூக்கிட்டுப் போன்னு கூப்புட்ட மாதிரில்லா!"

"அப்ப நான் யாரு?" என்றாள் அவள்.

"என்னத்த?"

"எனக்கு முன்னாடி ஒரு பிலோமி இருந்தாக்கா. ஒரு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. கல்லறையில சிலுவை மேல என் பேருதான் போட்டுருக்கும். சின்னதுல அதைப் பாத்துட்டு, ஏம்மா நான் எப்ப செத்தேன்னு கேட்டு, செமத்தியா வாங்கினேன்." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் ரெண்டாவது பதிப்பு."

"ஏன் அதே பேரு?"

"அய்யா நேர்ச்சை போட்டுருந்தாரு. பொம்பளப் பிள்ள பொறந்தா பிலோமினம்மா பேருதான்னு. பிள்ள போயிட்டா நேர்ச்சை தீந்துருமா?"

நான் அவளை முந்த வேண்டிய இடம் இதுவே என்று எனக்குத் தோன்றியது. "பிலோமி, உன் வீட்டு வழக்கத்தக் கொண்டுபோய் அவங்க தலையில ஏத்தாத. அந்த ஊருக்காரங்க உங்கள மாதிரிக் கத்தோலிக்கங்க கெடையாது. புனிதர், நேர்ச்சை, ஒன்னும் அவங்களுக்கு ஆகாது. கிறிஸ்மஸே கொண்டாட மாட்டாங்களாம். நான் தேடிப் படிச்சேன்."

"அப்படியா?" அவள் கண்கள் விரிந்தன.

"பின்ன? குறிப்புத் தாள்ல என்ன போட்டுருக்கு? ஒரே ஆளு ரெண்டு எடத்துல பதிஞ்சுருந்தா ஒன்னா ஆக்கணும். அந்த ஊருல பாதிரியார் ஒரு ஏடு, கிளார்க்கு ஒரு ஏடு. ஒருத்தர் பாத்து ஒருத்தர் எழுதினது. அதான் ரெண்டு தடவ வருது."

"தேதி வேற வேறயா இருக்கேக்கா? ரெண்டரை வருசத்துக்கு மேல வித்தியாசம்."

"தேதிய எந்த ஊருல ஒழுங்கா எழுதினாங்க? என் சர்டிபிகேட்டுல மே இருபது. என் வகுப்புல பதினோரு பேருக்கு மே இருபது. ஹெட்மாஸ்டர் ஒரே நாள்ல எங்கள எல்லாம் பெத்துப் போட்டாரு. உனக்கு என்ன தேதி?"

"எனக்கும் மே இருபதுதான்" என்று அவள் சொல்ல, இருவரும் புரையேறும்வரை சிரித்தோம்.

என் வாதத்தின் அடிப்படை அதுதான். எங்கள் தோட்டத் தொழிலாளர் லயங்களில் பிறந்தவர்களுக்கு நாள் என்பது பள்ளியில் சேர்த்தவர் தந்தது. பெயரும் தகப்பன் பெயருமே மெய். ஆகவே ஒரு பதிவேட்டில் பெயர்கள் ஒத்து நாள் வேறுபட்டால், நாளே பொய் என்று என் அறிவு உடனே தீர்த்துவிட்டது. மூன்று நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் இருந்த ஓர் எழுத்தன், குழந்தை பிறந்த நாளை அறிந்தே எழுதியிருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை.

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பிலோமி எழுந்து கை கழுவினாள். தன் மேசைக்குச் சென்று, இதேபோல் ஒரே பெயர் இருமுறை வந்து, அதுவரை இரண்டு குழந்தைகள் என்று செய்திருந்த இருபத்திரண்டு குடும்பங்களையும் தேடி எடுத்து ஒன்றாக்கினாள். நான் என் இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் கீழ்ப்படிந்தது எனக்கு மிகவும் இனித்தது.

வட்டவடையில் இருந்த நாத்தனார் மகளின் திருமணத்துக்காக, வியாழன் காலை பிலோமி விடுப்பில் போனாள். பதிவேட்டில் எஞ்சியிருந்தவை இறப்புப் பக்கங்கள் பதினான்கு. அவள் பங்குக்கு அவற்றைச் செய்யும் வேலை வேறொரு கிளைக்கு அனுப்பப்பட்டது. என் பங்கை நானே செய்தேன்.

அன்று பிற்பகல், ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது. தேங்க்ஃபுல், ஜோனாதன், மெர்சி விக்கரியின் மகள், 1695 ஆகஸ்டு மாதம் இறந்தாள். வயது பதினேழு மாதம்.

நான் விரல் விட்டு எண்ணினேன். மார்ச்சிலிருந்து மார்ச் பன்னிரண்டு. ஆகஸ்டு வரை ஐந்து. எழுத்தன் ஒரு மாதம்கூடப் பிழை செய்யவில்லை. குழந்தை இறந்து பதினைந்தாம் மாதத்தில் மெர்சி இன்னொரு பெண்ணைப் பெற்று, அதற்கும் அதே பெயரை இட்டிருக்கிறாள். கீழே மேலும் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகள். இரண்டு வயது, ஆறு மாதம், நான்கு நாள். அவர்கள் பெயர்களையெல்லாம் நான் மறுபதிவு என்று தள்ளியிருந்தேன்.

முதலில் என்னைத் தாக்கியது அக்குழந்தைகளின் மேல் இரக்கம் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், 'அவள் சரி' என்ற இரண்டு சொற்களே என் காதில் ஒலித்தன. கல்லறையில் தன் பெயரைப் படித்து வளர்ந்தவளுக்குத் தெரிந்தது. அதற்குத் தேர்வு எதுவும் தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை அவரவர் பதிவுகளைத் திறந்து திருத்தலாம். நான் அந்த வியாழனன்றே நான்கு மணிக்குமேல் அமர்ந்து, என்னுடைய இருபத்திரண்டையும் இரண்டிரண்டு குழந்தைகளாக மாற்றினேன். இது கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாற்றாமல் விட்டிருந்தால் இருவர் பிழையும் ஒத்திருக்கும், மஞ்சள் வரி விழாது, எவரும் அறியமாட்டார், இறந்த குழந்தைகள் மட்டும் இல்லாமல் போவார்கள். மாற்றியதால் உண்மை நிலைபெறும். ஆனால் இருபத்திரண்டு வரிகள் மஞ்சளாகும். இருபத்திரண்டும் பிலோமியின் கணக்கில் பிழையாகும். இவ்விரண்டாம் பகுதியை நான் அறியாமல் செய்யவில்லை. கடைசி வரியைச் சேமித்தபோது என் உள்ளம் அமைதியாகவே இருந்தது.

மாலை ஏழு மணிக்கு அவள் வட்டவடையிலிருந்து அழைத்தாள். பின்னணியில் ஒலிபெருக்கியும் யாரோ பந்தி விசாரிப்பதும் கேட்டன.

"அக்கா, சாப்டாச்சா? இங்க குளிரு எலும்பக் கடிக்குது. கேரட்டு ஒரு மூட்ட குடுத்துருக்காங்க, உங்களுக்கும் கொண்டாறேன்."

"சரி."

"கடைசிப் பக்கமெல்லாம் எப்படிப் போச்சு? என்னோடதுல ஏதும் மாத்த வேண்டியது இருந்தா சொல்லுங்க. ஜின்சன் சாருக்குப் போன் போட்டு, திறந்து வச்சுருங்க சார், காலையில கெளம்பி நாலு மணிக்குள்ள வந்துருறேன்னு சொல்லிருவேன்."

அவள் கேட்டாள். இதை நான் மறைப்பதற்கில்லை. தெளிவாக, பெயர் சொல்லிக் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"ஒன்னுமில்ல. நீ கல்யாணத்தப் பாரு" என்றேன்.

வேறொரு தடத்தில் ஜீப் ஓட்டும் என் கணவர் சுடலைமணி, வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தவர், என் முகத்தைப் பார்த்தார். "யாரு, பிலோமியா? என்ன கேக்கா?"

"ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? அமெரிக்காக்காரன் வீட்டுல யாரும் செத்துட்டானா?"

"முன்னூறு வருசத்துக்கு முன்னாடி" என்றேன்.

"அப்ப நாளைக்குத் தலை முழுகிக்கலாம். சோத்தப் போடு."

திங்கட்கிழமை காலை ஜின்சன் சார் எல்லோரையும் அழைத்தார். அவர் பேச்சில் மலையாளமும் தமிழும் சரிபாதி; அக்கா என்பதற்குச் சேச்சி என்பார். "முருகேஸ்வரி சேச்சிக்கு தொண்ணூத்தொம்பது புள்ளி மூணு. பிலோமி சேச்சிக்கு தொண்ணூத்தேழு புள்ளி ஒம்பது. அப்போ தீருமானமாயி" என்று என் கையைப் பற்றிக் குலுக்கினார். அனைவரும் கை தட்டினர். மிகப் பலமாகத் தட்டியவள் பிலோமி. கல்யாண லட்டை எடுத்து என் வாயில் திணித்து, "எனக்குத் தெரியும்க்கா. நீங்கதான்னு வட்டவடையிலயே எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

கண்ணாடித் தடுப்புக்குள் நாற்காலி நான் நினைத்ததைவிடச் சற்று உயரமாக இருந்தது. வேலையைக் கற்பிப்பதற்காக ஜின்சன் சார் பக்கத்தில் நின்று, அந்த இருபத்திரண்டு மஞ்சள் வரிகளையே திறந்தார். பிறகு, சரிபார்ப்பவர் மட்டுமே காணக்கூடிய ஒரு பட்டியலை விரித்தார். ஒவ்வொரு வரியையும் யார், எந்த நாளில், எந்த மணிக்கு எழுதினார், எப்போது மாற்றினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. மூன்று நூற்றாண்டுக்கு முந்தியவர்களின் பதிவை நாள்தோறும் படித்த நான், என்னையும் ஓர் ஏடு பதிந்துகொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

"இது சேச்சிடெ வரி. ஆத்யம் ஒரு குட்டி. வியாழாழ்ச்ச நாலு பத்துக்கு எல்லாம் ரெண்டாக்கி. மரணப் பக்கம் கண்டு திருத்தி, அல்லே? மிடுக்கி, கெட்டிக்காரி." அவர் மறுபக்கத்தைத் திறந்தார். நெற்றி சுருங்கியது. "ஆனா இது நோக்கு. பிலோமி சேச்சி ஆத்யமே ரெண்டு குட்டின்னு சரியா போட்டு. செவ்வாழ்ச்ச ஒன்னேகாலுக்கு எல்லாத்தையும் தப்பாக்கி. சரியா இருந்தத எதுக்கா மாத்தி?" கண்ணாடியைத் தட்டி அவளை அழைத்தார்.

பிலோமி வந்து எங்கள் பின்னால் நின்றாள். ஜின்சன் சார் மறுபடியும் கேட்டார். திரையைப் படித்தாள். அவள் எவ்வளவு விரைவாகப் படிப்பவள் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய பட்டியலைப் படித்தபின், அருகே திறந்திருந்த என் பட்டியலையும் படித்தாள். வியாழன், நான்கு பத்து. அவள் வட்டவடையிலிருந்து என்னை அழைத்தது அன்று ஏழு மணிக்கு.

என் பட்டியலிலிருந்து கண்ணை எடுத்து அவள் ஜின்சன் சாரைப் பார்த்தாள்.

"எனக்கே அப்படித் தோணுச்சு சார்" என்றாள். "ஒரே பேரா இருக்கேன்னு குழம்பிட்டேன்."

"யாராச்சும் சொல்லித் தந்நதா?"

"இல்ல சார். நானாத்தான்."

அப்போதும் நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஜின்சன் சார் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். நாற்காலி என்னுடையது. வெளியே எல்லோரும் கை தட்டி முடித்திருந்தனர். ஆனால் பிலோமி அங்கே நின்றுகொண்டிருந்தாள். என்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவள், என் குற்றத்தை அறிந்து, அதைத் தன் முந்தானையால் மூடியவளாக நின்றாள். இனி ஒவ்வொரு நாளும் இந்தக் கண்ணாடி வழியே அவள் என்னைப் பார்ப்பாள். கேரட் கொண்டுவருவாள். ஜீப்பில் என் தோளில் உறங்குவாள். என்னுடைய நாற்காலி அவள் எனக்குக் கொடுத்த நாற்காலியாக இருக்கும். எழுத்தை ஊகிக்கும் திறனில் அவள் என்னை வென்றதைப் பொறுத்தேன். பெருந்தன்மையிலும் அவளே முதலிடம் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவ பொய் சொல்லுதா சார்" என்றேன். "நான்தான் மாத்தச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை சாப்புடும்போது. அவ ரெண்டு பிள்ளைன்னுதான் சொன்னா. நான்தான் வாதம் பண்ணி ஒன்னாக்க வச்சேன்."

ஜின்சன் சார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவ போன்ல கேட்டா, ஏதும் மாத்தணுமான்னு. ஒன்னுமில்லன்னு சொன்னேன்."

ஜின்சன் சார் ஒரு தாளை எடுத்து, நின்றபடியே கணக்குப் போட்டார். "அந்த இருபத்திரெண்டும் இல்லேங்கில் பிலோமி சேச்சிக்கு தொண்ணூத்தொம்பது புள்ளி ஆறு" என்றார். பேசக் கூடாது என்ற விதியை மீறியதற்காக எங்கள் இருவரையும் ஒரு சொல்லில் கண்டித்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துச் சற்றுப் பின்னுக்கு இழுத்தார். நான் எழுந்துகொண்டேன்.

மாலை மாடிப்படியில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. ஜீப்புகள் எல்லாம் விளக்கைப் போட்டிருந்தன.

"சொல்லாம இருந்துருக்கலாம்லாக்கா. நான்தான் மூடிட்டேனே."

"நீ மூடுனது எனக்குப் புடிக்கல. அதான் சொன்னேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "அப்ப எனக்காகச் சொல்லல."

"இல்ல."

"அதான பாத்தேன்" என்றாள். பிறகு, சிரிப்பில்லாமல், "கல்யாண வீட்டுல அந்தச் சத்தத்துக்குள்ள, ஒரு காதப் பொத்திக்கிட்டு உங்களுக்குப் போன் போட்டேன் அக்கா" என்றாள். அன்று அவள் முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் பயணம் செய்தேன். என் தோள் இலேசாக இருந்தது. அந்த இலேசு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இவையெல்லாம் நடந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. கண்ணாடித் தடுப்புக்குள் பிலோமி அமர்ந்திருக்கிறாள். விக்கரி குடும்பத்து இரண்டு பெண்களும் தனித்தனி வரிகளில், தனித்தனி எண்களோடு இருக்கிறார்கள். இரண்டு வரிகளின் அடியிலும் அவள் பெயர் நிற்கிறது. அவள் என்னை அக்கா என்றே அழைக்கிறாள். வேலைக்கு வேண்டிய அளவு பேசுகிறாள். என் வரிகளைத் தீர்ப்பதில் அவள் ஓரம் சாய்கிறாளா என்று வாரக் கணக்கு வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் கூர்ந்து பார்ப்பதுண்டு. இதுவரை இல்லை. எனக்கு உரியதை எனக்கே கொடுத்திருக்கிறாள்.

சென்ற சனிக்கிழமை ஒரு வரியில் மட்டும் நான் செய்தது பிழை என்று குறித்திருந்தாள். ஓர் உயில். விதவை ஒருத்தி தன் செம்புப் பானையை யாருக்கு விட்டாள் என்பது பற்றியது. மகளுக்கு என்று நான் எழுதியிருந்தேன். மருமகளுக்கு என்று அவள் தீர்த்திருந்தாள். எல்லோரும் புறப்பட்டபின் அந்தப் பக்கத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். மை பரவிய இடத்தை இன்னும் பெரிதாக்கினேன். சுவரிலிருந்த அட்டவணையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன்.

அவளே சரி.

கணினியை அணைக்காமல், இன்னும் ஒருமுறை பார்த்தேன்.